அறுபது வாட் பல்பும் நூறு விநாடியும்

போன மாதம் ஒரு தொண்டு நிறுவனத்தில் வேலை பார்க்கும் பெண் எனக்கு ஒரு பயிற்சித்தாள் அனுப்பியிருந்தார். அரசுப் பள்ளி எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆற்றலைப் பற்றி நாற்பது நிமிடப் பாடம் எடுக்கப் போகிறார்களாம். “ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க சார், முப்பது வருஷம் சயின்ஸ் எடுத்தவங்க நீங்க” என்று எழுதியிருந்தார். பார்த்தேன். படங்கள் அழகாக இருந்தன. வழக்கம்போல வாயில் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு ஒரு பூமி அழுதுகொண்டிருந்தது. கீழே பத்து அறிவுரைகள். ஆள் இல்லாத அறையில் விளக்கை அணை, ஃபிரிட்ஜ் கதவை அடிக்கடி திறக்காதே, இப்படி. ஒன்பதாவது மட்டும் வேறு மாதிரி இருந்தது. பெற்றோருடன் உட்கார்ந்து இந்த முறை வந்த கரண்ட் பில்லைப் பார், போன முறையைவிடக் குறைந்திருந்தால் உனக்கு நீயே ஒரு நட்சத்திரம் ஒட்டிக்கொள்.

“நன்றாக இருக்கிறதம்மா” என்று தட்டச்சு செய்தேன். அழித்தேன். மறுபடி தட்டச்சு செய்து மறுபடி அழித்தேன். இரண்டு நாள் பதில் போடவில்லை. அந்த ஒன்பதாவது வரியைப் பார்த்ததும், பத்து வருடத்துக்கு மேலாக நான் யாரிடமும் சொல்லாத ஒரு விஷயம் வந்து எதிரே உட்கார்ந்துகொண்டது.

2012. அந்த வருடத்தைத் தமிழ்நாட்டில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சென்னைக்காரர்களுக்கு வேண்டுமானால் கொஞ்சம் விளக்கலாம், அவர்களுக்கு இரண்டு மணி நேரம்தான் போனது. எங்கள் பக்கம், விருதுநகர் மாவட்டத்தில், கரண்ட் போவதை யாரும் கணக்கு வைக்கவில்லை, வருவதைத்தான் கணக்கு வைத்தோம். மாநிலத்துக்கு ஏறக்குறைய 4000 மெகாவாட் பற்றாக்குறை என்று செய்தித்தாளில் போடுவார்கள். அது எங்களுக்குப் பன்னிரண்டு மணி நேரம், சில நாள் பதினாலு மணி நேரம் என்று வந்து சேரும். ஆடிக் காற்று இருந்தவரை பரவாயில்லை. முப்பந்தலிலும் தென்காசிப் பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருந்தன. ஐப்பசியில் காற்று நின்றதும் நிலைமை மோசமானது. அப்பளம் போடுகிறவர் முதல் அச்சகக்காரர் வரை எல்லோருக்கும் மெகாவாட் என்ற சொல் தெரிந்திருந்தது. கூடங்குளம் அணு உலை திறந்தால் சரியாகிவிடும் என்று ஒருவர் சொல்வார், இடிந்தகரையில் அதை எதிர்த்து உட்கார்ந்திருக்கிறவர்களின் உயிர் உங்களுக்கு இளப்பமா என்று இன்னொருவர் கேட்பார். டீக்கடை பெஞ்சில் இவ்வளவு இயற்பியல் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டுக்கு அந்த வருடமும் அடுத்த வருடமும் ஆற்றல்தான் கருப்பொருள். அந்த மாநாட்டைத் தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1993 முதல் நாடு முழுக்க நடக்கிறது, பணம் மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையுடையது. தமிழ்நாட்டில் ஊர் ஊராகப் போய் அதை நடத்திக் காட்டியவர்கள் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்துக்காரர்கள். 1980இல் தொடங்கிய இயக்கம், துளிர் என்ற சிறுவர் அறிவியல் பத்திரிகை நடத்துகிறவர்கள். சம்பளம் வாங்காமல், விடுமுறை நாளில் பஸ் பிடித்து வந்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்துவிட்டு, நாம் வாங்கிக் கொடுக்கிற தக்காளி சாதத்தைச் சாப்பிட்டுவிட்டுப் போகிறவர்கள். பிள்ளைகள் சிறு குழுவாகச் சேர்ந்து தங்கள் தெருவிலேயே ஒரு பிரச்சினையை எடுத்து, அளந்து, எழுதி, மாவட்ட மாநாட்டில் வந்து பேச வேண்டும். தெர்மாகோலில் காற்றாலை செய்து கொண்டுவருவதெல்லாம் செல்லாது. பயிற்சியில் ஒரு தோழர் திரும்பத் திரும்பச் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: “பிள்ளைங்க அளக்கணும். நீங்க அளந்து குடுக்கக் கூடாது.”

எங்கள் பள்ளியில் நான் வழிகாட்டி ஆசிரியர். குழுவில் ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் நான்கு பேர், எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன். தலைப்பு நான் போட்டுக் கொடுத்ததுதான்: எங்கள் தெருவில் குண்டு பல்பு எத்தனை, கரண்ட் குறைவாக எடுக்கும் சி.எஃப்.எல். விளக்கு எத்தனை, மாற்றினால் எவ்வளவு மிச்சம். பாதுகாப்பான தலைப்பு. விடையும் முன்பே தெரியும்.

யூனிட் என்றால் என்ன

முதல் வாரம் யூனிட் என்றால் என்ன என்பதிலேயே போனது. ஆயிரம் வாட் கருவி ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட் என்று எல்லோருக்கும் மனப்பாடம். ‘இரண்டு கிலோவாட் மோட்டார் மூன்று மணி நேரம் ஓடினால்’ என்று கேட்டால் ‘ஆறு யூனிட்’ என்று ஒரே குரலில் வரும். ஆனால் ஒரு யூனிட் என்பது பெரியதா சின்னதா என்று கேட்டேன், வகுப்பு முழித்தது. எனக்கும் அதைப் புரியவைக்கத் தெரியவில்லை. கடைசியில் குடத்தை வைத்துத்தான் முடிந்தது. பதினைந்து லிட்டர் குடத்தை மாடிக்குத் தூக்கிப் போகிறாய், மாடி மூன்று மீட்டர் உயரம். பதினைந்து பெருக்கல் 9.8 பெருக்கல் மூன்று, 441 ஜூல். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். வகுத்துப் பார்த்தால் 8163 குடம். “எட்டாயிரம் குடத்துக்கு ஒரு ரூவாயா சார்?” என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். அப்போது இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட்டுக்குள் எரித்தால் யூனிட் ஒரு ரூபாய்தான். தினமும் லாரித் தண்ணீர் பிடித்து மாடிக்கு ஏற்றுகிற பிள்ளை அவள். அன்று அவள் முகத்தில் பார்த்ததை எந்தப் பாடப்புத்தகமும் எனக்குக் காட்டியதில்லை.

அந்த ஒரு ரூபாய் கணக்கில்தான் சிக்கல் ஆரம்பித்தது. குழுவில் இன்னொரு பெண், அவ்வளவாகப் பேசாதவள், “எங்க வீட்ல யூனிட் அஞ்சு ரூவா சார்” என்றாள். நான் முதலில் அவள் ஏதோ தப்பாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். காம்பவுண்டு வீடு. உள்ளே ஏழு குடித்தனம். வாசலில் இ.பி. மீட்டர் ஒன்று, வீட்டுக்கு ஒரு சப் மீட்டர். மாதாமாதம் வீட்டுக்காரர் வந்து ரீடிங் பார்த்து, யூனிட்டுக்கு ஐந்து ரூபாய் வாங்கிப் போவார்.

மற்ற பிள்ளைகள் கொதித்துவிட்டார்கள். நான் நிதானமாக வீட்டுக்காரர் பக்கத்து நியாயத்தை விளக்கினேன். அது உண்மையிலேயே நியாயம்தான், பாதி. அன்றைய கட்டண முறையில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் வரை முதல் இருநூறுக்கு 2 ரூபாய், மிச்ச முந்நூறுக்கு 3 ரூபாய், மொத்தம் 1300. ஒரே ஒரு யூனிட் கூடி 501 ஆனால் கணக்கே தலைகீழ். முதல் இருநூறுக்கு 3, அடுத்த முந்நூறுக்கு 4, அதற்கு மேல் 5 ரூபாய் 75 காசு. 1805 ரூபாய் 75 காசு. அதாவது ஐந்நூற்றியோராவது யூனிட்டின் விலை ஐந்நூறு ரூபாய்க்கு மேல். ஏழு குடித்தனமும் ஒரே மீட்டரில் ஓடினால் 500 எப்படித் தாண்டாமல் இருக்கும்? அந்தப் பெண் கேட்டுக்கொண்டாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் நல்ல கணக்கு வகுப்பு எடுத்த திருப்தியோடு வீட்டுக்குப் போனேன்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். என் வீட்டு மாடியில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருந்தேன். இரண்டுக்கும் சப் மீட்டர். யூனிட் ஐந்து ரூபாய். வகுப்பில் அதை நான் சொல்லவில்லை.

மீட்டரில் ஒரு சிவப்புக் கோடு

அவள் வீட்டுச் சப் மீட்டர் பழைய காலத்து வட்டத் தகடு மீட்டர். கண்ணாடிக்குப் பின்னால் ஓர் அலுமினியத் தகடு சுற்றும், ஓரத்தில் சிவப்புக் கோடு இருக்கும். முகப்பில் ஒரு யூனிட்டுக்கு 600 சுற்று என்று போட்டிருக்கிறது என்று அவள் குறித்து வந்திருந்தாள். சரி, அப்படியானால் ஒரு சுற்றுக்கு எத்தனை ஜூல்? 36 லட்சத்தை 600ஆல் வகுத்தால் 6000. அறுபது வாட் பல்பு விநாடிக்கு 60 ஜூல் எடுக்கும். ஆக, வீட்டில் வேறு எதுவும் ஓடாமல் ஓர் அறுபது வாட் பல்பு மட்டும் எரிந்தால், சிவப்புக் கோடு ஒரு தடவை சுற்றி வர 100 விநாடி ஆக வேண்டும். இதைக் கரும்பலகையில் போட்டபோது எனக்கே சந்தோஷமாக இருந்தது. இவ்வளவு முழு எண்ணாக விடை வருகிற கணக்கை நானாக யோசித்தாலும் போட்டிருக்க முடியாது. வீட்டில் போய்ப் பார் என்று சொல்லி அனுப்பினேன். விளையாட்டாகத்தான் சொன்னேன்.

திங்கட்கிழமை வந்தாள். “எண்பத்திரெண்டு விநாடி சார். அஞ்சு தடவை பாத்தேன். எண்பத்தொண்ணு, எண்பத்திரெண்டு, எண்பத்திமூணு, அப்படித்தான் வருது.”

நான் உடனே ஓர் ஆசிரியர் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். பல்பில் அறுபது என்று போட்டிருந்தால் அது அறுபதுதானா? உள்ளூர்ச் சரக்காக இருந்தால் எழுபதுகூட எடுக்கும். ஒரு கருவியைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் அளவுகோலைச் சந்தேகப்பட வேண்டும். அறிவியல் முறை என்றால் அதுதான். சொன்னது தப்பில்லை. ஆனால் அதைச் சொல்லும்போது என் மனதில் இருந்தது அறிவியல் இல்லை, இந்தப் பேச்சு இத்தோடு முடியட்டும் என்பதுதான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் செய்ததை இன்றைக்கும் என்னால் நம்ப முடியவில்லை. அதே பல்பைக் கழற்றிப் பழைய துணியில் சுற்றிக்கொண்டு, பக்கத்துத் தெருவில் குழுவில் இருந்த தோழி வீட்டுக்குப் போயிருக்கிறாள். அது சொந்த வீடு, இ.பி. போட்ட புது மின்னணு மீட்டர். அதில் சுற்றும் தகடு கிடையாது, சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மின்னும். ஒரு யூனிட்டுக்கு 3200 மின்னல். அறுபது வாட்டுக்கு நிமிடத்துக்கு 3.2, பத்து நிமிடத்துக்கு 32. கரண்ட் பதினோரு மணிக்கு வந்து பன்னிரண்டுக்குப் போய்விடும் என்பதால் முன்கூட்டியே எல்லா சுவிட்சையும் அணைத்து வைத்து, ஃபிரிட்ஜைப் பிடுங்கி, தோழியின் அம்மாவிடம் திட்டு வாங்கி, இரண்டு பேரும் மீட்டருக்கு முன் முக்காலி போட்டு உட்கார்ந்து எண்ணியிருக்கிறார்கள். 31 வந்திருக்கிறது. உடனே ஓடி, அதே மணிக்குள் தன் வீட்டு மீட்டரில் அதே பல்பைப் போட்டு இன்னொரு முறை பார்த்திருக்கிறாள். மறுபடி 82.

“பல்பு கரெக்ட்டா இருக்கு சார். கொஞ்சம் கம்மியாக்கூட எடுக்குது. மீட்டர்தான் வேகமா ஓடுது.”

பல்பு 58 வாட் எடுக்கிறது, சப் மீட்டர் 73 என்கிறது. நூறு யூனிட் எரித்தால் 126 காட்டும். ஐந்து ரூபாய் என்று வாங்குவது உண்மையில் 6 ரூபாய் 30 காசு. இதற்குக் கீழே அவள் இன்னொரு அட்டவணை போட்டிருந்தாள், அதுதான் என்னைப் படுத்திய அட்டவணை. அவர்கள் வீட்டில் மாதம் 60 யூனிட் என்று காட்டுகிறது, இரண்டு மாதத்துக்கு 600 ரூபாய். உண்மையில் எரிவது இரண்டு மாதத்துக்கு 95, 96 யூனிட். தனி இணைப்பு இருந்தால் ஒரு ரூபாய் வீதம் 96 ரூபாய், நிலைக் கட்டணம் தனி. பென்சிலில் எழுதி ஸ்கேல் வைத்து அடிக்கோடு போட்டிருந்தாள். ‘எங்கள் வீட்டில் சேமிக்க வேண்டிய மின்சாரம்’ என்று நான் கொடுத்திருந்த தலைப்புக்குக் கீழே அவள் எழுதியிருந்தது இவ்வளவுதான்: டியூப் லைட் ஒன்று, ஃபேன் ஒன்று, அரசு கொடுத்த டி.வி., அரசு கொடுத்த மிக்சி. அணைப்பதற்கு எதுவும் இல்லை.

நான் செய்தது

அந்த அட்டவணையை அறிக்கையிலிருந்து எடுக்கச் சொன்னேன்.

காரணம் கேட்டால் இன்றைக்கும் என்னிடம் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. அது மாவட்ட மாநாடு, பேர் போட்டு வரும், ஊரில் நாலு பேர் பேசுவார்கள். வீட்டுக்காரர் காதுக்குப் போனால் மறுமாதமே வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிடுவார். அப்பா பட்டாசு ஆலைக்குப் போகிறவர், முன்பணம் கொடுத்து வேறு வீடு பார்க்க எங்கே போவார்? ஒரு பிள்ளையின் வீட்டைக் கெடுத்துத்தான் அறிவியல் வளர வேண்டுமா? இதை நான் அவளிடம் மெதுவாக, அக்கறையாக, கிட்டத்தட்ட அப்பா மாதிரி சொன்னேன். அவள் “சரி சார்” என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, “எழுத வேண்டாம் சார். ஆனா தப்பா ஓடுதுன்னு தெரிஞ்சிருச்சுல்ல?” என்றாள். பிறகு நோட்டை மூடிக்கொண்டே, வேறு எந்த நினைப்பும் இல்லாமல், “உங்க வீட்டு மீட்டர் எப்படி சார், கரெக்ட்டா ஓடுதா?” என்று கேட்டாள்.

பார்க்கணும்மா என்றேன்.

அறிக்கை குண்டு பல்பு, சி.எஃப்.எல். கணக்கோடு போனது. மாவட்டத்தில் பாராட்டினார்கள், மாநிலத்துக்குத் தேர்வாகவில்லை. அதில் எந்த அநியாயமும் இல்லை. அதே தலைப்பில் இன்னும் பல குழுக்கள் வந்திருந்தன, எங்களுடையது எல்லோருடையதையும் போலத்தான் இருந்தது. எங்களிடம் மட்டும் இருந்த ஒரு பக்கம் என் மேசை டிராயரில் கிடந்தது.

அன்று இரவு கரண்ட் வந்ததும் மாடிக்குப் போனேன். ஒரு போர்ஷன் காலியாக இருந்தது, அங்கே பல்பு மாட்டிப் பார்த்தேன். 101 விநாடி. மனசு லேசாகிவிட்டது, கீழே இறங்கிப் படுத்திருக்கலாம். அடுத்த போர்ஷனில் இருந்தவர்கள் ஊருக்குப் போயிருந்த ஒரு சனிக்கிழமை வரை காத்திருந்து அதையும் பார்த்தேன். 88.

முப்பது வருடம் பிழை என்றால் என்ன, சதவீதப் பிழை என்றால் என்ன என்று பாடம் எடுத்தவன், இருட்டில் கைப்பேசி வெளிச்சத்தில் நின்று கணக்குப் போட்டேன். அறுபது யூனிட் என்று காட்டினால் உண்மையில் ஐம்பத்திரண்டு சொச்சம். மாதம் முப்பத்தெட்டு ரூபாய். அவர்கள் நான்கு வருடமாக இருக்கிறார்கள். ஆயிரத்து எண்ணூறு ரூபாய்க்குச் சற்று மேல். பெரிய தொகை இல்லை. பெரிய தொகையாக இருந்திருந்தால் ஒருவேளை திருப்பிக் கொடுத்திருப்பேனோ என்னவோ. இவ்வளவு சின்னத் தொகையை எடுத்துக்கொண்டு மாடிப்படி ஏறி என்னவென்று சொல்வது? பொங்கல் கழித்து எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மீட்டரை மாற்றினேன். “ஏன் சார், நல்லாத்தானே ஓடுது?” என்றார் குடியிருந்தவர். பழசாயிடுச்சு என்றேன். அவர்கள் 2015இல் வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். போகும்போது என் மனைவிக்கு ஒரு எவர்சில்வர் டப்பா கொடுத்துவிட்டுப் போனார்கள்.

2016இல் வீட்டு இணைப்பு ஒவ்வொன்றுக்கும் முதல் நூறு யூனிட் இலவசம் என்று வந்தது. அதற்குப் பிறகுதான் மாடிக்குத் தனி இணைப்புகள் வாங்கினேன். நியாய உணர்ச்சி என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். தனித்தனி இணைப்பானால் என் மீட்டரும் ஐந்நூறைத் தாண்டாது என்ற கணக்கும் அதில் இருந்தது. எந்தக் கணக்கு முன்னால் வந்தது என்று எனக்கே தெரியவில்லை. காம்பவுண்டு வீடுகளில் அந்த இலவச நூறு யூனிட் வாசல் மீட்டரோடு நின்றுவிடுகிறது, உள்ளே போவதில்லை. அறிவிப்பு வந்த அன்று டி.வி.யில் எல்லோரும் சந்தோஷமாகப் பேசிக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தப் பென்சில் அடிக்கோடுதான் கண்ணில் நின்றது.

மறுபடி ஒன்பதாவது வரி

இந்தக் கதையை வைத்து அந்தத் தொண்டு நிறுவனப் பெண்ணின் பயிற்சித்தாளைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர்களாவது வகுப்பறைக்குள் போகிறார்கள். ஒரு பள்ளிக்குப் போக அவர்கள் எத்தனை கையெழுத்து வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும். டிசம்பர் 14 வந்தால் ஆற்றல் சேமிப்பு நாள், ஓவியப் போட்டி, பல்புக்குள் மரம் முளைக்கிற படத்துக்கு முதல் பரிசு. நானும் அதற்கு நடுவராக இருந்திருக்கிறேன், கை வலிக்கச் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதைவிட இது எவ்வளவோ மேல். ஆனாலும் அணை, மூடு, குறை என்று சொல்லிக் கொடுப்பதெல்லாம் ஒழுக்கப் பாடம்தான். அறிவியல் பாடம் எண்பத்திரண்டு விநாடியில் இருந்தது. அது வீட்டுக்குள் போனால் யாருக்காவது சங்கடம் வரும். எனக்கு வந்தது.

மூன்றாம் நாள் பதில் எழுதினேன். ஒன்பதை எடுத்துவிடுங்கள் என்றேன். பில்லே வராத வீட்டுப் பிள்ளை வகுப்பில் நாலு பேராவது இருக்கும், அவர்கள் எதற்கு நட்சத்திரம் ஒட்டுவார்கள்? அதற்குப் பதிலாக: உன் வீட்டு மீட்டரில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை என்று போட்டிருக்கிறது, பார்த்து வா. 600ஆ, 3200ஆ? ஒரே ஒரு கருவியைப் போட்டு எண்ணிப் பார். மீட்டரைத் திறக்காதே, தொடாதே, கண்ணால் மட்டும் பார். இப்போது ஒன்பது வாட் எல்.இ.டி.தான் எல்லா வீட்டிலும், 3200 மீட்டரில் அது இரண்டு நிமிடத்துக்கு ஒரு தடவைதான் மின்னும், எட்டாம் வகுப்புப் பிள்ளைக்கு அவ்வளவு பொறுமை இருக்காது. இஸ்திரிப் பெட்டி சரியாக வரும் என்று தோன்றியது. ஆனால் அது நடுநடுவே தானாக அணைந்து எரியும், கணக்கு கெட்டுவிடும். பழைய குண்டு பல்பே சிறந்தது.

அவர் அன்றே பதில் போட்டார். நல்ல யோசனை சார், சேர்த்துக்கொள்கிறோம், வெள்ளிக்கிழமை வகுப்புக்கு நீங்களே வந்து செய்து காட்டுங்கள் என்றார். கடைசியில் ஒரு வரி: “வாடகை வீடுகள்ல சப் மீட்டரை இப்ப பூட்டின பெட்டிக்குள்ள வைக்கிறாங்களே சார், அந்தப் பிள்ளைங்க எப்படிப் பார்ப்பாங்க?”

அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. பல்பு வாங்க பஜாருக்குப் போனேன். மூன்று கடையில் இல்லை. நாலாவது கடையில் அறுபது வாட் என்று கேட்டதும் அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ஏணி போட்டு மேல் தட்டிலிருந்து தூசி படிந்த அட்டைப் பெட்டி ஒன்றை இறக்கினார். ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டினார். “இதெல்லாம் கரண்ட் குடிக்கும் சார், எதுக்கு?” என்றார்.

இரண்டாகக் கொடுங்கள் என்றேன்.